வாக்கியமும் காட்சியும்

சனிக்கோள் கும்ப இராசியினின்று மீன இராசிக்கு 2025 மார்ச்சு 29 ஆம் நாள் பெயர்வதாக ஒரு பஞ்சாங்கம் குறித்தது. அப்பெயர்ச்சி 2026 மார்ச்சு 6 ஆம் நாளுக்கு உரியது என மற்றொரு பஞ்சாங்கம் குறித்தது. காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றுத் திருக்கோயிலார், தாம் வழிவழியாகப் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கமே ஆதலின் 2025 மார்ச்சில் பெயர்ச்சி விழா இல்லை என வெளிப்படையாக அறிவித்தனர். சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் யாம் வாழும் தெருவில் ஒரு வீட்டார் மார்ச்சு 29 அன்றே எள் விளக்கு ஏற்றினர். எதிர்வீட்டார் அடுத்த மார்ச்சினை நோக்கியிருந்தனர். இரு வீட்டாரும் ஒரே கோயிலுக்குச் செல்வோர். ஒருவர் வீட்டு விழாவிற்கு மற்றவர் வந்து உண்போர்.

வானில் உள்ள சனி ஒன்றே. அஃது ஒரே காலத்தில் இரண்டு இராசிகளில் நிற்றல் இயலாது. அங்ஙனமாயின் இவ்விரண்டனுள் ஒன்று பிழையாதல் வேண்டும். எது பிழை என்று கேட்பது எளிது. விடை கூறுவதும் எளிதே. ஆயினும் விடை கூறிய பின்னரும் எதிர்வீட்டார் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவர்கள் அறிவிலிகளும் அல்லர். அவ்வீட்டுத் தலைவர் பொறியியல் பயின்றவர். இந்நிலையை எங்ஙனம் விளங்கிக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். அறிவியலும் சமய நம்பிக்கையும் ஒருங்கு வாழுமோ என்னும் பெருவினாவை, யாவர் வீட்டிலும் ஆணியில் தொங்கும் பஞ்சாங்கத்தை வைத்து ஆராய முற்படுகின்றோம்.

அப்பெருவினா பெரும்பாலும் ஐரோப்பிய வரலாற்றின் வழியாகவே நம்மிடம் வந்து சேர்ந்தது. 1633 இல் உரோமை நகரில் கலிலியோ சமய நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்ட நிகழ்ச்சியை நினைந்தே பலரும் இதுபற்றி எழுதுகின்றனர். அங்கே எழுந்த பூசல், உலகின் அமைப்பைப் பற்றி மறைநூல் கூறுவது மெய்யோ, தொலைநோக்கி காட்டுவது மெய்யோ என்பதாம். தமிழகத்தில் விண்மீனை அளந்ததற்காக எவரையும் கோயிலார் விசாரித்ததாக யாம் அறியோம். இங்கே நிலைமை வேறு. திதி எது, நாண்மீன் எது, ஞாயிறு எந்த இராசியில் நிற்கின்றது என்று அறியாமல் ஒரு சடங்கும் தொடங்க இயலாது. எனவே அளவிடும் அறிவு சமயத்தின் வாயிலில் வந்து நின்ற விருந்தன்று. தொன்றுதொட்டே வீட்டினுள் வாழ்ந்துவரும் உறுப்பு. வீட்டினுள் வாழ்வாரிடையே தோன்றும் பிணக்கு, வெளியாரோடு தோன்றும் பிணக்கினும் நுட்பமானது.

இவ்வுறவின் தொன்மைக்கு நம் இலக்கியம் சான்று பகரும். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், அரண்மனைக்கு மனைவகுக்கும் நூலறி புலவர் நண்பகலில் இரண்டு கோல்களை நாட்டி, அவற்றின் நிழல் எப்பக்கமும் சாயாத வேளையை நோக்கி, நூல்கயிறு பிடித்துத் திசைகளைத் துணிகின்றனர். அத்திசைகளில் நிற்கும் தெய்வங்களையும் வழிபடுகின்றனர். உரைகண்ட நச்சினார்க்கினியர் அந்நாளைச் சித்திரைத் திங்களின் நடுவிலுள்ள பத்து நாள்களுள் ஒன்று என விளக்குவர். இவ்வுரை வெறும் மரபுக் கூற்று அன்று. மதுரையின் அகலாங்கு ஏறத்தாழ 10 பாகை. ஞாயிறு அவ்வூருக்கு நேர் உச்சியில் நிற்கும் காலங்களுள் ஏப்பிரல் திங்களின் நடுவும் ஒன்று. உரையாசிரியர் வானத்தை நோக்கியே எழுதினார், அல்லது நோக்கியவரிடம் கேட்டு எழுதினார். கோலை நாட்டிய கையும் தெய்வத்தைத் தொழுத கையும் ஒன்றாகவே இருந்தன என்பதும், ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை என்பதும் ஈண்டு நோக்கத்தக்கன.

புறநானூற்றின் 30 ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஞாயிற்றின் செலவையும் காற்று இயங்கும் திசையையும் ஆதாரமின்றி நிற்கும் வானத்தையும் நேரிற் சென்று அளந்து வந்தார்போல எடுத்துரைப்போர் உளர் என்கின்றார். 229 ஆம் பாட்டில் கூடலூர் கிழார், ஒரு பங்குனி இரவில் விண்மீன் ஒன்று வீழக் கண்டதைக் கூறுகின்றார். எந்த நாண்மீன் உச்சியினின்று சாய்ந்தது, எது எழுந்தது, எது மறைந்தது என்பவற்றையெல்லாம் ஒரு வானியலாளன் தன் ஏட்டில் குறிப்பதுபோலவே குறிக்கின்றார். அதனினும் பெரிய செய்தி, அவ்வீழ்ச்சியை அவர் சேரமன்னன் ஒருவனது இறுதிக்கு அறிகுறி எனக் கொண்டு அஞ்சினார் என்பதும், ஏழாம் நாளில் மன்னன் மாய்ந்தான் என்பதும் ஆகும். கண்டது காட்சி, அஞ்சியது நம்பிக்கை. இப்பாட்டினை வானியற் புலமைக்குச் சான்றாகக் காட்டுவோர் பின்பாதியை விட்டுவிடுகின்றனர். நிமித்த நம்பிக்கைக்குச் சான்றாகக் காட்டுவோர் முன்பாதியை விட்டுவிடுகின்றனர். புலவரோ இரண்டனையும் ஒரே மூச்சில் பாடினார்.

இனி வாக்கியப் பஞ்சாங்கத்தை நோக்குவோம். இதனை இகழ்வாரும் புகழ்வாரும் இதன் உள்ளமைப்பை அறியாமலே பேசுவதைப் பலமுறை கேட்டுள்ளோம்.

திங்கள் வானில் ஒரே வேகத்தில் செல்வதில்லை. பூவுலகிற்கு அணித்தாக வரும்போது விரைந்தும், சேய்த்தாகச் செல்லும்போது மெலிந்தும் நடக்கின்றது. அண்மையினின்று மீண்டும் அண்மைக்கு வர அதற்கு 27 நாளும் ஒரு நாளின் பாதிக்குச் சற்று மிகுதியும் ஆகின்றன. இத்தகைய சுற்று ஒன்பது கூடின், மிகச் சிறிய பிழையோடு 248 நாள் ஆகின்றது. ஆகவே 248 நாள்களுக்குத் திங்களின் இருப்பிடத்தை ஒருமுறை கணித்துவிட்டால், அதன்பின் அப்பட்டியலே மீண்டும் மீண்டும் பயன்படும். எஞ்சும் சிறு பிழையை 3,031 நாள், 12,372 நாள் என்னும் பெரிய சுழற்சிகளால் சரிசெய்துகொள்வர். அந்த 248 எண்களையும் 248 சிறு வாக்கியங்களாக அமைத்தனர். க, ட, ப, ய என்னும் நான்கும் ஒன்று என்னும் எண்ணைக் குறிப்பனவாகக் கொள்ளும் எழுத்தெண் முறையில், ஒவ்வொரு வாக்கியமும் இராசி, பாகை, கலை ஆகியவற்றைத் தன்னுள் அடக்கி நிற்கும். வரருசியின் பெயரால் வழங்கும் இவ்வாக்கியங்களை மனப்பாடம் செய்தவன், கூட்டலும் கழித்தலும் மட்டும் அறிந்திருந்தாலே அன்றைய திங்களின் இடத்தைச் சொல்லிவிடலாம். ஏடும் எழுத்தாணியும்கூட வேண்டா. தரையில் சோழிகளை வைத்து நகர்த்தினால் போதும்.

இம்முறையை விரிவாகக் கூறும் ‘வாக்கியகரணம்’ என்னும் வடமொழி நூல் ஏறத்தாழ 1300 இல் தமிழகத்தில் எழுந்தது. அதனைச் சுந்தரராசரது உரையோடு, மயிலாப்பூரில் உள்ள குப்புசாமி சாஸ்திரி ஆராய்ச்சி நிறுவனம் 1962 இல் வெளியிட்டது. பதிப்பாசிரியர் டி. எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் ஆவர். எம் வீட்டினின்று நடந்தே சென்று சேரத்தக்க தொலைவில் இருந்து வெளிவந்த இந்நூலை, வாக்கியத்தின் பெயரால் வாதிடுவாருள் எத்துணைப் பேர் பிரித்துப் பார்த்திருப்பர் என்பது ஐயமே.

அயல்நாட்டார் இருவர் இம்முறையை நேரிற் கண்டு எழுதியுள்ளனர். ஒருவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில். வெள்ளிக்கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடப்பதைக் காண இந்தியாவிற்குப் புறப்பட்ட இவர், 1761 இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானதால் கடலிலேயே அந்நிகழ்ச்சியை இழந்தார். எட்டாண்டு காத்திருந்து 1769 சூன் திங்களில் புதுச்சேரியில் கருவியோடு நின்றபோது மேகம் மறைத்தது. வானம் அவருக்குக் காட்டாததைத் தமிழ்க் கணியர் காட்டினர் போலும். 1765 ஆகத்து 30 ஆம் நாள் நிகழ்ந்த திங்கள் கிரகணத்தின் கால அளவைச் சோழிகளைக் கொண்டு ஒரு தமிழர் முக்கால் மணிக்கும் குறைந்த நேரத்தில் கணித்துக் காட்டினார். அக்கணக்கு 41 வினாடி குறைந்திருந்தது. ஐரோப்பாவில் அன்று சிறந்தவையாகக் கருதப்பட்ட டோபியாசு மேயரின் அட்டவணைகள் தந்த அளவோ 68 வினாடி மிகுந்திருந்தது.

இச்செய்தியை மேடைதோறும் எடுத்துரைத்து மகிழ்வோர் பலர். அவர்கள் அடுத்த செய்தியையும் உடன் கூறுதல் நேர்மையாகும். சென்னை வான்காட்சி நிலையத்தில் முன்னர்ப் பணியாற்றிய ஜான் வாரன், 1825 இல் வெளியிட்ட ‘காலசங்கலிதம்’ என்னும் நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணியர் ஒருவர் அவ்வாண்டு மே திங்கள் இறுதியில் நிகழ்ந்த திங்கள் கிரகணத்தைச் சோழிகளால் கணித்ததைப் பதிவு செய்துள்ளார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை நேர்ந்தது. அது பெரிதன்று, ஏட்டையும் நோக்காது நினைவினின்றே கூறிய கணக்கிற்கு அஃது அரிய வெற்றியே. ஆனால் அக்கணியர் தாம் செய்யும் கணக்கின் கோட்பாட்டைச் சிறிதும் அறிந்தவரல்லர் என்றும் வாரன் எழுதுகின்றார். சொற்கள் இருந்தன, சொற்களை ஆக்கியோர் கண்டது மறைந்துவிட்டது. ஒரு காலத்தில் நுண்ணிய அறிவியலாக இருந்தது, பொருள் மறந்தபின் ஓதப்படும் மந்திரமாகிவிட்டது. பஞ்சாங்கப் பூசலின் வேர் இங்கேதான் உள்ளது என்பது எம் கருத்து. பழைய அறிவியலே பிற்காலத்தாருக்கு நம்பிக்கைப் பொருளாகிவிட்டமையின், பூசலை அறிவியலுக்கும் சமயத்திற்கும் இடைப்பட்டது என்று கூறுதல் பொருந்தாது.

வாக்கியக் கணிப்பு எங்கே பிழைக்கின்றது, எங்கே பிழைப்பதில்லை என்பதையும் ஒருவாறு அறிதல் வேண்டும். திங்களின் நடையில் உள்ள ஏற்றத்தாழ்வுகளுள் முதன்மையான ஒன்றை மட்டுமே வாக்கியம் கொள்கின்றது. அதன் பேரளவு ஏறத்தாழ 5 பாகை. ஞாயிற்றின் ஈர்ப்பினால் நேரும் வேறு இரண்டு திருத்தங்களை அது கொள்வதில்லை. வியப்பு யாதெனின், அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அவ்விரு திருத்தங்கள் ஒன்று முதன்மைத் திருத்தத்தோடு சேர்ந்து ஏறத்தாழ 5 பாகையாகவே நிற்கும், மற்றொன்று இல்லாதொழியும். முன்னோர் அவ்வளவினைக் கிரகணங்களைக் கண்டு துணிந்தமையின், கிரகண நாளில் கணக்கு பொருந்துகின்றது. பிறை பாதியாகும் அட்டமியை ஒட்டிய நாள்களில் வேறுபாடு இரண்டரைப் பாகை வரை செல்லும். நேரக் கணக்கில் அது நான்கைந்து மணிக்குச் சமம். திதி ஒன்றின் நீளம் 54 நாழிகைக்குக் குறையாது, 65 நாழிகைக்கு மிகாது என்பது வாக்கியத்தாரிடை வழங்கும் விதி. வானில் உள்ள உண்மைத் திதியோ ஏறத்தாழ 50 நாழிகை முதல் 67 நாழிகை வரை வேறுபடுகின்றது. சனிக்கோளின் கணக்கிலோ பிழை பல நூற்றாண்டுகளாகத் திரண்டுவிட்டது. வாக்கிய முறைப்படி சனி கும்பத்திற் புகுந்த 2023 திசம்பர் 20 அன்று, வானில் அக்கோள் கும்பத்துள் ஏறத்தாழ எட்டுப் பாகை சென்றிருந்தது. ஓராண்டில் ஏறத்தாழ பன்னிரண்டு பாகையே நகரும் கோளுக்கு இது சிறு பிழையன்று. தெருவில் இரு வீட்டாருக்கிடையே நின்ற பதினொரு திங்கள் இவ்வெட்டுப் பாகையே.

இக்குறை வாக்கியத்தை ஆக்கிய மரபிற்குப் புதிதன்று. ஏறத்தாழ 932 இலேயே முஞ்சாலர் என்பார் திங்களுக்கு இரண்டாம் திருத்தம் ஒன்றைக் கூறினார். கேரள நாட்டுப் பரமேசுவரர் பல்லாண்டு கிரகணங்களைக் கண்ணால் நோக்கி, கணக்கிற்கும் காட்சிக்கும் உள்ள வேறுபாட்டைக் களைந்து 1431 இல் ‘திருக்கணிதம்’ என்னும் நூலை இயற்றினார். அவர் மரபில் வந்த நீலகண்ட சோமயாசி, 1504 இல் எழுதிய ‘சோதிர்மீமாம்சை’ என்னும் நூலில், முன்னோர் நூல்கள் காலந்தோறும் காட்சியால் திருத்தப்படுதல் வேண்டும் என்றே வாதிடுகின்றார். வேள்வி செய்தமையால் சோமயாசி எனப்பட்டவர் அவர். நம்பிக்கையிற் குறைந்தவர் என்று எவரும் கூறார். வாக்கியகரணத்திற்கு உரை எழுதிய தமிழ்நாட்டுச் சுந்தரராசர் அதே நீலகண்டரிடம் வானியல் ஐயங்களை வினாவி விடை பெற்றார் என்னும் செய்தி எமக்குப் பெருமகிழ்ச்சி தருவது. வாக்கியத்தின் உரையாசிரியரே காட்சியின் ஆசிரியரைத் தேடிச் சென்று கேட்டார். பிற்காலத்தார்தாம் கேட்பதை நிறுத்திவிட்டனர்.

நிறுத்தப்பட்ட கேள்வியை மீண்டும் எழுப்பியவருள் சென்னையார் ஒருவர் உளர். நுங்கம்பாக்கத்தில் 1792 இல் அமைந்த வான்காட்சி நிலையத்தில் போக்சன் என்பாரின்கீழ்ப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்திற் பிறந்தவர். 1867 இல் ஒளி மாறுபடும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1868 ஆகத்திலும் 1871 திசம்பரிலும் நிகழ்ந்த முழு ஞாயிற்றுக் கிரகணங்களை ஆய்ந்த குழுக்களில் இடம்பெற்றார். 1874 இல் வெள்ளிக்கோள் ஞாயிற்றைக் கடந்தபோது, பொதுமக்கள் அதனை அஞ்சாது விளங்கிக்கொள்ளும்பொருட்டு இந்திய மொழிகளிலும் ஆங்கிலத்திலும் சிறுநூல் எழுதி வெளியிட்டார். தொலைநோக்கியால் தாம் பெற்ற அறிவைத் தம் குடும்பத் தொழிலுக்கே கொண்டுவந்து, காட்சிக்கு ஒத்த பஞ்சாங்கத்தையும் வெளியிட்டார். 1880 இல் மறைந்தார். பகலில் ஆங்கில அரசின் அலுவலர், காலையும் மாலையும் வைதிகர் என்று இவரை இரு கூறாக்கிப் பார்ப்பது பிழை. பஞ்சாங்கத்தை அவர் திருத்தியது அதனைக் கைவிடுவதற்காக அன்று. உரிய நேரத்திற் செய்யாத சடங்கு சடங்காகாது என்பது அம்மரபினரின் துணிபு. எனவே நேரத்தைச் சரியாக அறிவதே பத்தியின் பகுதி ஆயிற்று.

அவர் போன்றோர் தொடங்கிய முறைக்குத் தமிழில் நிலைத்த பெயர் ‘திருக்கணிதம்’ என்பது. மொழிநூலார் இச்சொல்லை இன்னும் போதிய அளவு நோக்கவில்லை. வடசொல்லாகிய ‘த்ருக்’ என்பதற்குக் கண், பார்வை என்பன பொருள். ஆகவே அத்தொடர் ‘கண்டு செய்யும் கணக்கு’ எனப் பொருள்படும். தமிழரோ அதனைத் திருக்கோயில், திருக்குறள் என்பன போலத் ‘திரு’ என்னும் அடையோடு புணர்ந்த சொல்லாகவே கேட்கின்றனர். புணர்ச்சி விதியும் அதற்கு இடந்தருகின்றது. ககர ஒற்று மிகுந்து நிற்பதில் ஒரு தடையும் இல்லை. கண்ணின் கணக்கு தெய்வக் கணக்காகிவிட்டது. பார்வையைக் குறித்த சொல்லே தூய்மையைக் குறித்த சொல்லாக மக்கள் செவியில் மாறியமை தற்செயல்தான். எனினும் அப்பெயர் ‘திருத்திய பஞ்சாங்கம்’ என்று மட்டும் வழங்கியிருப்பின் இத்துணை எளிதில் பூசையறைக்குள் புகுந்திருக்குமோ என்று யாம் எண்ணுவதுண்டு.

இனி, வாக்கியத்தார் கூறும் மறுப்பைச் செவ்விதிற் கேட்டல் கடன். அவர்தம் வாதங்களுள் முன்னோர் முக்காலமும் உணர்ந்தோர் என்பது வலியற்றது. அம்முன்னோரே தம் கணக்கைத் திருத்தினர் என்பதை மேலே கண்டோம். வலியுடைய வாதம் வேறொன்று உளது. விழா என்பது ஊர் கூடும் நாள். திருநள்ளாற்றிற்கு இலக்கக்கணக்கான மக்கள் ஒரு நாளைக் குறித்து வருகின்றனர். அந்நாள் மரபால் அமைந்தது; மரபால் அமைந்ததை மரபால் காப்பதில் குற்றமென்னை என்பர். இதனை யாம் ஒப்புகின்றோம். ஓர் ஊர் தன் தேரை எந்நாளில் இழுப்பது என்பதற்கு விண்மீன் சான்று கூற வேண்டுவதில்லை. ஆயின் அங்ஙனம் கூறுவோர், ‘இன்று சனி பெயர்கின்றது’ என்னும் தொடரை ‘இன்று நாங்கள் சனிப்பெயர்ச்சியைக் கொண்டாடுகின்றோம்’ என்று மாற்றிக்கொள்ளக் கடமைப்பட்டவர் ஆகின்றனர். முன்னது வானத்தைப் பற்றிய கூற்று. பின்னது ஊரைப் பற்றியது. இதனை அவர்களும் உள்ளூர உணர்ந்தே உள்ளனர். கிரகணத்திற்கு மட்டும் வாக்கியப் பஞ்சாங்கங்கள் பலவும் திருக்கணித நேரத்தையே கொள்கின்றன. கிரகணம் எல்லார் கண்ணுக்கும் தெரிவது. அட்டமி முடிந்த நாழிகையை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

எதற்கு எது சான்று என்னும் இவ்வினாவைத் தமிழ்ச் சமய நூல்கள் நெடுங்காலத்திற்கு முன்பே ஆராய்ந்துள்ளன. அவர் இதனை அளவை என்பர். மணிமேகலையில் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதை பத்து அளவைகளை விரித்துரைக்கின்றது. பின்னர் அறவண அடிகள் பௌத்தர் கொள்ளும் காண்டல், கருதல் என்னும் இரண்டனையே நிறுவுகின்றார். அருணந்தி சிவாசாரியரின் சிவஞான சித்தியாரோ, அளவை பல எனினும் அவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்று தொடங்குகின்றது. இங்கே உரை என்பது ஆகமம். காட்சிக்கும் கருத்திற்கும் எட்டாதவற்றை அறிவதற்கே உரை கருவி என்பது சைவ நூலாரின் கொள்கை. இறையருளை நம்பும் நூல் ஒன்று, எதனால் எதனை அறிகின்றோம் என்னும் ஆய்வை முதற்கண் வைத்துத் தொடங்கிய இம்முறை எண்ணி மகிழ்தற்குரியது.

இவ்வளவுகோலைப் பஞ்சாங்கத்தில் வைத்துப் பார்ப்போம். சனி எங்கே நிற்கின்றது என்பது காண்டலுக்கு உரியது. 2030 இல் எங்கே நிற்கும் என்பது கருதலுக்கு உரியது. அவ்விரண்டனுக்கும் உரையைத் துணைக்கழைப்பது சித்தாந்தத்திற்கே முரணானது. இறந்த தந்தையை மகன் ஏன் ஆண்டுக்கொருமுறை நினைந்து எள்ளும் நீரும் இறைக்க வேண்டும் என்பதோ, எந்தத் தொலைநோக்கியும் விடை கூறும் வினாவன்று. இவ்வெல்லைகள் காக்கப்படும்வரை அறிவியலும் நம்பிக்கையும் ஒரு வீட்டில் வாழலாம், வாழ்ந்தும் வந்துள்ளன. மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுவே தொல்லை தருவது. சனி இராசி மாறுவதால் இன்ன இராசியிற் பிறந்தாருக்கு வேலை போகும், இன்னாருக்குத் திருமணம் கைகூடும் என்பது நம்பிக்கையின் உடையணிந்த காட்சிக் கூற்று. வேலை போயிற்றா, இல்லையா என்பதைக் கண்டறியலாம், எண்ணிக் கணக்கிடலாம். ஆதலின் அஃது உரையின் நிழலில் ஒதுங்குதல் இயலாது. அத்தகைய பலன்கள் மெய்யென நிறுவப்பட்டதாக யாம் அறியோம். பலன் கூறுவோருள் ஒரு சாரார் 2025 இலும், மற்றொரு சாரார் 2026 இலும் அதே பலன்களைக் கூறியமையே ஆராய்வார்க்குப் போதிய குறிப்பு.

திருநள்ளாற்றின்மேல் பறக்கும் செயற்கைக்கோள்கள் சில நொடி செயலற்று நிற்கின்றன, அமெரிக்க விண்வெளி ஆய்வாளரே வியந்து வணங்கினர் என்றொரு கதையும் பல்லாண்டுகளாக உலவுகின்றது. அது பொய். சுற்றும் கோள் நொடிப்பொழுதும் நிற்க இயலாது என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். பொய் என்பதினும் எமக்கு வருத்தம் தருவது, அக்கதை நம்பிக்கையைத் தாழ்த்துகின்றது என்பதாம். நளன் கதையும் ஞானசம்பந்தர் பதிகமும் பெற்ற ஒரு தலத்திற்கு அயல்நாட்டு ஆய்வுக்கூடத்தின் சான்றிதழ் எதற்கு?

திருக்கணிதத்தாரும் முழுதும் கண் திறந்தவர் என்று கருதற்க. உத்தராயணம் என்பது ஞாயிறு வடக்கு நோக்கித் திரும்பும் நாள். அஃது இக்காலத்தில் திசம்பர் 21 அல்லது 22 இல் நிகழ்கின்றது. ஒரு கோலின் நண்பகல் நிழலை நாடோறும் அளப்பவன் அதனைத் தானே காணலாம். நாமோ தை முதல் நாளாகிய சனவரி 14 அல்லது 15 ஐ உத்தராயண நாளாகக் கொள்கின்றோம். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. பூவுலகின் அச்சு மெல்லச் சுழல்வதால், விண்மீன்களை வைத்து எண்ணும் ஆண்டு பருவங்களை வைத்து எண்ணும் ஆண்டினும் 20 நிமிடம் நீண்டது. 72 ஆண்டிற்கு ஒரு நாளாக அவ்வேறுபாடு திரண்டு 24 நாள் ஆகிவிட்டது. திங்களுக்குக் காட்சியைக் கொண்டோர், ஞாயிற்றின் திருப்பத்திற்கு மட்டும் வாக்கியத்தோடு நின்றுவிட்டனர். 1952 இல் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு இதனை வெளிப்படையாக எடுத்துக்காட்டியது. அதன் தலைவர் மேகநாத சாகா, எல்லாம் வேதத்திலேயே உள என்பாரை எள்ளி எழுதியவர். அத்தகையவர் தலைமையில் அமைந்த குழு 1955 இல் அளித்த அறிக்கையில், இந்நாட்டுச் சமய விழாக்களின் நாள்களைக் கணிக்கும் முறையும் பொறுமையோடு வகுக்கப்பட்டது. பருவத்தை ஒட்டிய தேசிய ஆண்டு 1957 மார்ச்சு 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசிதழின் தலைப்பில் அது வாழ்கின்றது, வீட்டுச் சுவரில் இல்லை. தைப்பொங்கலை திசம்பருக்கு மாற்ற வேண்டும் என்று யாமும் கூறவில்லை. நெல் அறுவடை அயனத்தைப் பார்த்து விளைவதன்று.

2019 திசம்பர் 26 ஆம் நாள் கங்கண ஞாயிற்றுக் கிரகணம் தமிழகத்தின் தென்பகுதிகளில் வளையமாகத் தெரிந்தது. சென்னையில் ஞாயிற்றின் பெரும்பகுதி மறைந்தது. மயிலாப்பூர்ப் பக்கத்துக் கோயில்கள் நடை சாத்தியிருந்தன. அடையாற்றுக்கு அப்பால் கோட்டூர்புரத்துக் கோளரங்கில் மக்கள் வடிகண்ணாடி வழியே கிரகணத்தைக் கண்டனர். எம் மாணவர் சிலர் அங்கே பார்த்துவிட்டு, வீட்டிற்குச் சென்று தலை முழுகினர். அவர்களைக் கேலி செய்த ஒரு நண்பருக்கு ஒரு மாணவி கூறிய விடை: கண்ணாடி கண்ணுக்கு, நீர் பாட்டிக்கு.

எம் தந்தையார் மறைந்த பிறகு வந்த முதல் ஆண்டிலேயே இவ்வினா எம் வீட்டிலும் எழுந்தது. பிற்பகலில் எந்தத் திதி நிற்கின்றதோ அதனைக் கொண்டே சிராத்த நாள் துணியப்படும். இரண்டு பஞ்சாங்கங்களும் திதியின் முடிவில் நான்கு மணி வேறுபட்டமையால் நாளே மாறிப்போயிற்று. யாம் வானியல் காரணங்களை எல்லாம் எடுத்துரைத்து, திருக்கணித நாளே சரியானது என்று எம் அன்னையாரிடம் கூறினோம். அவர் முழுதும் கேட்டார். ‘நீ சொல்வது சந்திரனுக்குச் சரியாகத்தான் இருக்கும். உன் அப்பா நாற்பது வருடம் அந்தப் பாம்புப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் உன் தாத்தாவுக்குச் செய்தார். அவருக்கு அதைப் பார்த்தே செய்’ என்றார். அவ்வாறே செய்தோம். அவ்வாண்டு கிரகணம் வந்தபோது, எத்தனை மணிக்கு விடுகின்றது என்று திருக்கணிதத்தைப் பார்த்துச் சொல்லுமாறு எம்மையே அழைத்துக் கேட்டார்.